ரெண்டு முனைக்கும் ஒரே சாவி

ஒரே ஒரு ஊரிலே ஓர் அரிசி ஆலை இருந்ததாம். அதற்கு அண்ணன் ஒரு முதலாளி, தம்பி ஒரு முதலாளி. அண்ணன் துரைராசு குத்தாலத்தில் இருந்து ஆலையைப் பார்த்துக்கொண்டார். தம்பி திருமுருகன் சிங்கப்பூரில் இருந்து அரிசியை விற்றார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டான் சதீஷ்.

சதீஷ் தஞ்சாவூர்க் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். கிளம்பும்போதே மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"போன வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தே. இதையும் முடிக்காம வந்தா, நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலை காட்டாதே."

ஆலை ஆபீஸில் துரைராசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா அது, விபிஎன்னு?"

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும், சிங்கப்பூர் சார் இன்டர்நெட்டுல வாடகைக்கு எடுத்திருக்கிற கிளவுடு கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு சுரங்கம் மாதிரிங்க ஐயா. வேற யாரும் உள்ளே நுழைய முடியாது. ரெண்டு முனையிலயும் ஒரே சாவியைப் போட்டாத்தான் திறக்கும்."

"ஆத்துல தண்ணி வர வழியைக் காணோம். சிங்கப்பூர் தொரைக்குச் சுரங்கம் கேக்குதாக்கும்."

விபிஎன் பெட்டியை மாட்டி, வயரை இழுத்து, எல்லாம் முடித்தாயிற்று. சாவி மட்டும்தான் பாக்கி. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சாவி. அது வெளியாளுக்குத் தெரியக் கூடாது, தான் போனில் சொல்லச் சொல்ல அண்ணன்தான் அடிக்க வேண்டும் என்பது திருமுருகனின் உத்தரவு. சதீஷ் வாசலில் போய் நின்றான்.

ரகசியம்தான். ஆனால் போனில் திருமுருகன் போட்ட சத்தம் நெல் காயும் களம் வரைக்கும் கேட்டது.

"கடைசியில ஏழு. ஏழு. காதுல விழுதா?"

"விழுது, விழுது. அடிச்சிட்டேன்."

திறக்கவில்லை. சாவி பொருந்தவில்லை என்றது திரை.

"ஒரு சாவியை ஒழுங்கா அடிக்கத் தெரியலை. இவரு சொல்ற மூட்டைக் கணக்கை நான் நம்பணும்."

"நம்பலைன்னா வந்து எண்ணிக்கடா."

"எதுக்கு வரணும்? இது மட்டும் திறக்கட்டும், இங்கேருந்தே மூட்டைக் கணக்கைப் பாத்துக்குவேன்."

மறுபடி அடித்தார். மறுபடியும் பொருந்தவில்லை.

"உங்க பொண்ணு மதிவதனி கல்யாணப் பத்திரிகையில சொந்தச் சித்தப்பன் பேரை சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் கீழே போட்டவருதானே நீங்க. உங்ககிட்ட எதுதான் சரியா வரும்?"

"அதுக்காகப் புள்ளை கல்யாணத்துக்கே வராத நீ பேசாதடா."

"போனை அந்த ஆளுகிட்ட குடுங்க முதல்ல."

சதீஷ் ஓடி வந்து வாங்கினான்.

"ஏன்யா, உனக்கு வேலை தெரியுமா தெரியாதா? இன்னும் ஒரு தடவை சொல்வேன். அப்பவும் வரலைன்னா உன் மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன்."

சதீஷுக்கு உச்சந்தலை வரைக்கும் சுறுசுறுவென்று ஏறியது. தன் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, போனைத் துரைராசுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வயரைச் சரிபார்க்க மேசைக்கு அடியில் புகுந்தான். தலையை வெளியே நீட்டி நிமிர்ந்தபோது கீபோர்டு அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"கடைசியில ஏழு" என்றது போன்.

துரைராசுவின் விரல் ஏழுக்கு மேலே போய் நின்றது. அங்கிருந்து நகர்ந்தது. ஒன்பதை அழுத்தியது.

"ஏழு. அடிச்சிட்டேன்டா."

திறக்கவில்லை. திருமுருகன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சதீஷ் மேசைக்கடியிலிருந்து எழுந்தான்.

"அவரு ஏழுன்னாரு. நீங்க ஒன்பதை அழுத்துனீங்க. வேணும்னேதான் அழுத்துனீங்க, நான் பாத்தேன்."

"உன்னை யாரு மேசைக்கடியில பூரச் சொன்னா?"

"என் வேலை போயிரும்யா."

"போனா போவட்டும். வயசுப் பையன், உனக்கு வேற வேலையா கெடைக்காது?"

அந்த ஒரு சொல்லில் சதீஷ் மரியாதையை மறந்தான்.

"பெரிய மனுஷன் செய்யற காரியமா இது? இப்பவே அவர்கிட்ட சொல்றேன். என்ன பதில் சொல்றீங்கன்னு பாக்குறேன்."

அவன் போனைக் காதில் வைத்தான். மணி அடிக்க ஆரம்பித்தது. துரைராசு எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை நேரம் ஆபீஸை அதிர வைத்த குரல், பக்கத்தில் நின்றவனுக்கே பாதிதான் கேட்டது.

"அந்தக் கல்யாணத்துலேர்ந்து மூட்டைக் கணக்கு கேக்க மட்டும்தாம்ப்பா என்னைக் கூப்புடுறான். திட்டிக்கிட்டாவது, தெனம் சாயந்தரம் கூப்புடுறான். இதைத் திறந்து விட்டுட்டா, என்கிட்ட கேக்க அவனுக்கு என்ன இருக்கு?"

எதிர்முனையில் போனை எடுத்துவிட்டார்கள்.

"என்னய்யா, வந்துச்சா இல்லையா?"

சதீஷ் துரைராசுவைப் பார்த்தான்.

"வரலை சார். இந்தப் பெட்டிக்கு போன்ல சொல்லி அடிக்கிறதெல்லாம் ஒத்துக்காது போல. நீங்களே வந்து, உங்க கையால அடிச்சாத்தான் திறக்கும்."

"அதுக்காக அங்க வந்து அந்த மனுஷன் மூஞ்சில நான் முழிக்கணுமா?"

"வேற வழியே இல்லை சார்."

"வேலை தெரியாத ஆளையெல்லாம் அனுப்பி வைக்கிறானுங்க. இரு, உன் மேனேஜர்கிட்ட இப்பவே பேசுறேன்."

"பேசுங்க சார்" என்று போனை வைத்த சதீஷ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பகோணம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான்.