நொண்டிக் குதிரை

லண்டனில் ஒலிபரப்பு நிலையத்தின் மேல் நேற்று குண்டு விழுந்தது. அங்கே வேலை பார்க்கும் கணவனைப் பற்றி ஈடித்துக்கு இன்னும் தகவல் இல்லை. நாடகத்தில் குதிரை வந்தால், இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புவது அவன்தான். வானொலிப் பெட்டியில் மத்தியான வேடிக்கை நாடகம் நேரடியாக ஒலிபரப்பாகத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு மேபல் வந்து உட்கார்ந்தாள்.

“குளம்புச் சத்தம் கேட்டா அவர்தான்னு எப்படித் தெரியும்? கொட்டாங்கச்சியை யார் வேணும்னாலும் தட்டலாமேடி?”

“தட்டலாம் அக்கா. ஆனா இவருக்கு இடது மணிக்கட்டு ஒடிஞ்சு கூடினது. நாலாவது குளம்பு எப்பவும் பிந்தித்தான் விழும்.”

டக், டக், டக்... டக்.

“அய்யோ, குதிரை நொண்டுதேடி!”

பெட்டிக்குள் கூட்டம் சிரித்தது. ஈடித் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“நொண்டட்டும் அக்கா. நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வரட்டும்.”