எடையைக் கூட்டுங்கக்கா

வாழைப்பழம் பொரித்து விற்கும் சுமியாதி அக்கா, காலி டப்பாவை என் மேஜையில் ‘டக்’கென்று வைத்தாள்.

“ரெண்டு மாசமா இந்த அமினோ பவுடரைக் குடிக்கிறேன் பாகஸ். கையில சதையும் ஏறல, தெம்பும் வரல. ஊரை ஏமாத்துறியா?”

சுரபாயாவில் ஜிம் வைத்தவனுக்குத் தினமும் இப்படி ஒரு சண்டை.

“பவுடர் மட்டும் போதாதுக்கா. உடற்பயிற்சி செஞ்சுட்டுக் குடிக்கணும்.”

“தினமும் எட்டுத் தடவை தூக்குறேன்டா! தூக்கி முடிச்சுட்டுத்தான் குடிக்கிறேன்.”

“எவ்வளவு எடை?”

“ஆரம்பத்துல அறுபது கிலோ.”

அது என் ஜிம்மில் பாதிப் பேருக்கு அசையாது. நம்பாமல் பார்த்தேன்.

“இப்போ?”

“நாப்பத்தாறு.”

எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நல்லா இருக்கு நியாயம்! எடையைக் குறைச்சுக்கிட்டே போயிட்டுப் பவுடரைத் திட்டுறீங்க. வாராவாரம் எடையைக் கூட்டுங்கக்கா. அப்பத்தான் சதை வரும்!”

அக்கா தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதைத்தான்டா நானும் டாக்டர்கிட்டக் கெஞ்சுறேன். என் வீட்டுக்காரரைக் கட்டில்லேருந்து நாற்காலிக்குத் தூக்குறப்பல்லாம், மனுஷன் முன்னைவிட லேசா இருக்கார். அவர் எடையைக் கூட்ட ஏதாவது பவுடர் இருந்தா குடு.”