மண்டையோட்டுப் பொட்டு

பேராசிரியர் துணியை உருவிய பிறகுதான் சோதிலிங்கத்துக்கு முந்தாநாள் ஆயுதபூசை என்பதே நினைவுக்கு வந்தது.

மேசையில் ஐந்து மண்டையோடுகள். சிம்பன்சியில் தொடங்கி மனிதனில் முடியும் வரிசை. ஐந்தின் நெற்றியிலும் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

கடைசிச் சுவரோடு நின்றவர் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இத்தாலியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. ஆயுதபூசையன்று வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவருக்கு ஆய்வுகூட அலுமாரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சோறு போடுகிற சாமான்தானே இதுவும்! மனிதனுக்கு மட்டும் வைத்துக் குரங்கை விட்டால் ஓரவஞ்சனை.

அலுமாரிக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார். இன்று அதை யாரோ மண்டபத்துக்குக் கொண்டுவந்து, வரிசையாக அடுக்கி, துணியும் போர்த்தியிருக்கிறார்கள். அவரைக் கேட்டிருந்தால் அழித்தாவது விட்டிருப்பார்.

மனிதனைக் கடவுள் படைத்தாரா, குரங்கு பெற்றதா என்று அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிவாக வேண்டும். நூற்றாண்டு முடிய நாலே வருடம். இனியும் தள்ளிப்போட முடியாது.

பரிணாமத்தோடு படைப்பையும் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தவர் பெற்றோர் சங்கத் தலைவர். வழக்கறிஞர், சோதிலிங்கத்தின் பாசையில் அப்புக்காத்து. கூடவே கூடாது என்பவர் பேராசிரியர். நடுவில், கையில் மணியோடு, தலைமை ஆசிரியை சிஸ்டர் கத்தரீனா.

சோதிலிங்கத்துக்கு வேண்டியிருந்தது நாலு வரிக் கடிதம். 'இவர் எங்களிடம் வேலை செய்கிறார்.' நாளைக் காலை அதோடு குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குப் போனால்தான் இந்த நாட்டில் இருக்க விடும் பெர்மெசோ புதுப்பிக்கப்படும். கூட்டம் முடியத் தருவதாக சிஸ்டர் சொல்லியிருந்தார்.

கோப்பித் தட்டோடு பக்கத்தில் நின்ற மனைவி குகனேஸ்வரி மெல்லக் குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ, குரங்குக்குப் பொட்டு வைச்ச கையாலை பெட்டியையும் கட்டுங்கோ."

பேராசிரியர் பொட்டைப் பார்த்தார். முந்நூறு கண்கள் பேராசிரியரைப் பார்த்தன. 'தெரியாது' என்ற சொல்லை அவர் இருபது வருடமாகப் பாவித்ததில்லை. தொண்டையைச் செருமினார். மூளையின் முன்பகுதி வளரத் தொடங்கும் இடத்தைச் சபையின் வசதிக்காகத் தாம் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

முன்வரிசை குறிப்பெடுத்தது.

அப்புக்காத்து விடுவாரா? எழும்பினார். ஐந்துக்கும் ஒரே இடத்தில் ஒரே குறி என்றால் அது படைத்தவனின் முத்திரை அல்லாமல் வேறென்ன, பேராசிரியர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்.

பாதி மண்டபம் கை தட்டியது.

பேராசிரியர் அளவுகோலை எடுத்தார். குனிந்து அளந்தார். மனிதனின் குறி சிம்பன்சியின் குறியைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிது. பரிணாமத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மற்றப் பாதி கை தட்டியது.

கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தை வீணாக்காமல் சோதிலிங்கம் கடைசி மண்டையில் வழித்து வைத்ததுதான் அந்த இரண்டு மில்லிமீட்டர்.

பொட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச்சு எழவில்லை. ஐந்து மணிக்கு, பாடம் இருந்தபடியே இருக்கும் என்று சொல்லி சிஸ்டர் மணியை அடித்தார். இருவரும் தத்தம் வெற்றிக்குச் சீனி போட்டுக் கோப்பி குடித்தார்கள்.

பிறகு சிஸ்டர் சோதிலிங்கத்தை அலுவலகத்துக்கு வரச்சொன்னார்.

மன்னிப்புக் கேட்கத் தேவையான இத்தாலியச் சொற்களை நடைபாதை முழுக்கப் பொறுக்கிக்கொண்டு போனார். வாசலில் கால் வைத்ததும் பாதி உதிர்ந்துபோயிற்று.

சிஸ்டர் கடிதத்தைத் தட்டச்சிலிருந்து உருவினார். கையெழுத்திட்டார். நீட்டினார்.

வாங்கக் குனிந்தபோதுதான் சோதிலிங்கம் மேசைவிரிப்பைக் கண்டார். குகனேஸ்வரி கிழமைக்கு ஒருமுறை துவைத்து மினுக்கிக் கொடுக்கும் அதே வெள்ளை விரிப்பு; மண்டையோடுகளைப் போர்த்தியிருந்த துணியும் இதுதான். அதில் வரிசையாக ஐந்து சிவப்புப் புள்ளிகள். கடைசிப் புள்ளி கொஞ்சம் பெரிது.

சிஸ்டர் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பொறியை விரலால் தட்டிக் காட்டினார்.

"எல்லாவற்றுக்கும் வைத்தீர்கள், இது மட்டும் என்ன பாவம் செய்தது? உங்கள் பெயரை அடித்து முடிப்பதற்குள் மூன்று தரம் சிக்கிவிட்டது."

சோதிலிங்கம் சட்டைப்பையைத் தடவிக் குங்குமம் மடித்த கடதாசிச் சரையை எடுத்தார்.