சுவரைப் பார்த்த அணில்

அணில் அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

கட்டைவிரல் அளவுதான். தேக்குத் தூணில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளிலும் எதையோ பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.

முற்றத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு அது. இப்போது அருங்காட்சியகம். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற அழகம்மை மிஸ் வந்ததுமே சொல்லியிருந்தார்.

“இந்த முத்தத்தச் சுத்தி நாப்பது தூண். ஒண்ணே ஒண்ணுல மட்டும் ஒரு அணில் இருக்கு. கண்டுபிடிச்சா கத்தக் கூடாது. எங்காதுல வந்து சொல்லணும். அடுத்து வர்ற பள்ளிக்கூடமும் தேடணும்ல?”

பரிசும் உண்டு. கண்டுபிடித்தவர் மதியம் இந்த வீட்டைப் பூட்டலாம். முழங்கை நீளச் சாவி. கயிற்றில் கோத்து மிஸ்ஸின் தோளில் தொங்கியது.

இரண்டு மாதமாக யாருக்கும் கிடைக்கவில்லையாம்.

துணைக்கு வந்த அம்மாக்கள் நாலு பேர். அவளும் ஒருத்தி. பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். அதனால்தான் கிடைத்தது. தூணின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், யாரோ ஒருவன் ஆசையாய்ச் செதுக்கிவிட்டுப் போயிருந்தான்.

பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கமே பார்த்தார்கள்.

“மிஸ், அணில்!”

“அது யாளிடா.”

“வாலு இருக்கே, மிஸ்?”

“வாலு உனக்குந்தான் இருக்கு. போய்த் தேடு.”

இன்னொருவன் ஓட்டின் மேல் ஓடிய நிஜ அணிலைக் காட்டினான். அதற்கும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள். பிறகு திரும்பித் தன் அணிலைப் பார்த்துக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பில் ஒரு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பஸ் கிளம்பிய காலையில் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் அதோடு சரி. எங்கே போய் வந்தார்கள் என்றுகூட யாரிடமும் கேட்கவில்லை.

இன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மகளிடம் சண்டை போட்டுத்தான்.

அந்த மகள் வந்தாள். சுபிக்‌ஷா. நெற்றியெல்லாம் வேர்வை.

“ஏம்மா, உன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“பாத்துட்டல்ல?”

அவள் சட்டென்று தூணில் சாய்ந்துகொண்டாள். அணில் பின்கொண்டையில் குத்தியது.

“எம்மா, எம்மா. எனக்கு மட்டும் சொல்லும்மா. நான் போய்ச் சொல்லிட்டு நான் பூட்டுறேன்.”

சொல்லிவிடலாம்.

நல்ல அம்மா என்றால் சொல்லிவிடுவாள். வீட்டில் மீனின் நடுத்துண்டு அப்படித்தான் போகிறது. கடைசி மிட்டாயும்.

“நீயே தேடுடி.”

மகள் நம்ப முடியாமல் பார்த்தாள்.

“போ. நீயும் போய்ச் சொல்ல முடியாது. இது பிள்ளைங்களுக்கு மட்டுந்தான்.”

அது சுருக்கென்றது.

முற்றத்தில் மிஸ் விசில் ஊதினார். “அஞ்சே நிமிசம்! இல்லன்னா வழக்கம்போல நானே பூட்டிருவேன்.”

வெளி ஆளிடம் வாய் திறக்கிறவள் இல்லை அவள். ரேஷன் கடையில்கூட மகளை முன்னால் விட்டுப் பின்னால் நிற்பாள்.

முற்றம் ரொம்ப அகலமாக இருந்தது.

வெயில் நடுவில் விழுந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள்.

பார்த்தார்கள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நடந்தது போதாமல் கடைசி நாலு எட்டு ஓடினாள்.

மிஸ்ஸின் காதில் சொன்னாள்.

மிஸ்ஸின் கண்கள் பெரிதாயின. பைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். இதுவரை கண்டுபிடித்த பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டங்கள்.

“பேரு?”

சொன்னாள்.

“பள்ளிக்கூடம்?”

மகளின் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிற அதே பெயரைச் சொன்னாள். பொய்யில்லை. அங்கேதான் படித்தாள்.

“வகுப்பு?”

பேனா மூன்றாம் கட்டத்தில் காத்திருந்தது.

“மிஸ், அவங்க எங்கம்மா மிஸ்...”

“ஆறாவது” என்றாள் அவள். தொண்டையைச் செருமிக்கொண்டு முழுதாகச் சொன்னாள். “ஆறாவது, பி செக்‌ஷன்.”

மிஸ் எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

“டேய், ஆறாவதாம்டா” என்றான் யாளியைக் காட்டிய பையன். “நமக்கு சீனியர்.”

எல்லாரும் வாசலில் இறங்கி வரிசையாய் நின்றார்கள். கதவுகள் இரண்டும் கிறீச்சிட்டு வந்து சேர்ந்தன. சாவியை இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. துவாரத்தில் நுழைத்தாள். பொருந்தியது.

கோபமெல்லாம் மறந்து சுபிக்‌ஷா ஓடிவந்தாள். தன் கையையும் சாவிமேல் வைத்தாள்.

அவள் முழங்கையால் மெல்ல இடித்து ஒதுக்கினாள்.

“மொதல்ல நான்.”