வேற்றுத் துணி

"வேற யாரு துணியும் வேண்டாம்க்கா. அவரு உடம்புல பட்டது மட்டும் போதும்."

நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில், தையல்காரி அட்டையை அளவுக்கு வைத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டிய புருஷனின் சட்டைகள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவை போர்வையாக வேண்டும். அப்பா முகத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, அப்பா துணியிலாவது கண்மூடித் தூங்கட்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம்.

ஆனால் இருந்ததே நான்கு சட்டை. மாதத்தில் பாதி நாள் லோடு லோடு என்று வெளியூரில் கிடந்தவர் வீட்டில் எத்தனை வைத்திருப்பார்? போனவர் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆபீஸிலிருந்து சேதி வருவதற்குள் சொந்தக்காரர்கள் காரியம் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்களாம். யார் எவர் என்று விசாரிக்க அவளுக்குத் தெம்பில்லை.

தையல்காரியைக்கூட அவள் தேடிப் போகவில்லை. பழந்துணி ஏதாவது தைக்கணுமா என்று போன வாரம் தானாக வந்து கதவைத் தட்டியவள். கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றவள்.

"லாரிக்காரங்க சட்டையில மிஞ்சுறதே கைதான்மா. முதுகை சீட்டு தின்னுடும், கழுத்தை வேர்வை தின்னுடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று.

"பிள்ளை வரப்போகுதுன்னு அவருக்குத் தெரியுமா?" என்று தையல்காரி குனிந்தபடியே கேட்டாள்.

"தெரியாம என்ன? வயித்துல காதை வெச்சு, இன்ஜின் நல்லாத்தான் ஓடுதுன்னாரு."

தையல்காரி ஊசியில் நூல் கோக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

வெளிர்நிறம் ஒன்று, அடர்நிறம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தரையில் அடுக்கினார்கள். ஒரு பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் நடுவில் வைக்கச் சொன்னாள் தையல்காரி. பிள்ளை கைவிட்டு விளையாடுமாம். எல்லாம் வைத்துப் பார்த்தும் போர்வை பாதிக்கு மேல் வரவில்லை. தையலுக்கு விடுவது போக இன்னும் சிறுக்கும்.

தையல்காரி தன் பையைத் திறந்தாள். உள்ளே அதே அளவில் வெட்டி, துவைத்து மடித்த துண்டுகள். ஊரான் துணியைப் போர்த்த மனசு வராது என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள். தையல்காரியும் விடவில்லை, கெஞ்சாத குறைதான்.

"சும்மா வெச்சுத்தான் பாரேன். பிடிக்கலேன்னா எடுத்துடலாம்."

பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவள் காலை ஒதுக்கி இடம் விட்டாள். துண்டுகள் ஒவ்வொன்றாகக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தன. கடைசி வரிசையில், பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட துண்டு ஒன்று. அவள் சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள்.

"இது எப்படிக்கா உங்ககிட்ட? அவரு கடைசியாப் போட்டுட்டுப் போன சட்டை இது. நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்."

தையல்காரி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"வேற யாரு துணியும் இதுல இல்லம்மா," என்றாள் மெதுவாக. "அந்தச் சட்டையை ஆஸ்பத்திரியில, பெண்டாட்டி யாருன்னு கேட்டு, என் கையிலதான் குடுத்தாங்க."