பிச்சிப்பூ மணம்

ஒற்றைத் தலைவலி சில நாட்களில் மட்டும் ஏன் வருகிறது என்று செல்வக்கனிக்குப் பிடிபடவே இல்லை. சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டாள், காப்பியை விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வைத்தியர் சொன்னபடி, வலி வந்த நாட்களைக் காலண்டரில் சுழித்து எடுத்துப் போனாள்.

“இந்த நாள்லெல்லாம் வீட்டுல என்ன வாசனை?”

“பிச்சிப்பூ. அவுக வாங்கிட்டு வருவாக.”

“சிலருக்குக் கடுமையான மணம் வலியைக் கிளப்பிவிடும்மா. மாசத்துல ஆறு நாள் பூவா? குடுத்துவச்சவதான்.” வைத்தியர் சிரித்தார்.

செல்வக்கனி தோளில் கன்றியிருந்த இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“அடிச்ச மறுநாள் மட்டுந்தான் வாங்குவாக.”

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். “இனி பூ வேண்டாங்க. மணம் தலைவலியைக் கொண்டாருதாம்.”

அவன் பூ வாங்குவதை மட்டும் நிறுத்தினான். தலைவலி நின்றுவிட்டது.