கரிக் காகிதத்துல கால்தடம்

ஆராய்ச்சிக்கூடத்துல புரொபசர் ஒரு தவளையோட கால்ல நூலைக் கட்டி, மறுமுனையை ஊசியில மாட்டினாரு. மின்சாரம் பட்டா தவளை காலை உதறும். எதிர்ல சுத்துற உருளையில ஒட்டியிருக்கிற, புகைக்கரி பூசின கரிக் காகிதத்துல ஊசி கோடு கீறும்.

"அண்ணே, ஒழுங்கா உதறிடுங்க. முன்னாடி வந்தவங்கெல்லாம் உதறினாங்க," ஊசி கெஞ்சுச்சு.

"அவங்கெல்லாம் இப்ப எங்கடா?" தவளை கேட்டுச்சு.

ஊசி நைசா உருளைப் பக்கம் திரும்பிக்கிச்சு.

"மின்சாரம் பட்டாத்தான் துள்ளும். தவளைக்குன்னு சொந்த விருப்பம் கிடையாது!" மாணவர்களைப் பார்த்துக் கனைச்சாரு புரொபசர்.

"கிடையாஆது!" தவளையும் அதே மாதிரி கனைச்சுக் காட்டுச்சு.

அவரு சுவிட்சைத் தொடுறதுக்குள்ள ஒரே துள்ளு. நூல் அறுந்துச்சு. தவளை உருளைமேல ஏறி மிதிச்சு, ஜன்னல் வழியா வெளியே குதிச்சிருச்சு.

கரிக் காகிதம் முழுக்க ஈரக் கால்தடம்.

"அண்ணே, இது என்னண்ணே?" ஊசி அலறுச்சு.

"மின்சாரம் இல்லாம போட்ட கையெழுத்துடா! புரொபசர்கிட்ட காட்டு!" ஜன்னலுக்கு வெளியே இருந்து தவளை குரல் கொடுத்துச்சு.